கடிகாரத்தைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பு

பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர், தன் வேலையைக் காட்டிக்கொள்ள ஒரு சின்ன இணையதளம் வேண்டும் என்று கேட்டார். பக்கங்களைக் கட்டும் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. படங்கள் மட்டும் ஒன்றரை மாதம் இழுத்தன. அந்த ஒன்றரை மாதத்தின் கதைதான் இது.

தளத்தின் பின்னணி வெளிர் மஞ்சள், பழைய காகித நிறம். அவர் கொடுத்த படங்கள் எல்லாம் ஜேபெக், வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்து எடுத்தவை. பக்கத்தில் போட்டதும் ஒவ்வொரு கடிகாரமும் வெள்ளை அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர் போல நின்றது. லோகோவும் அதே கதை. அவரே மையால் வரைந்து ஸ்கேன் செய்த பெண்டுலம், ஒரு வெள்ளைச் சதுரத்துக்குள். “தம்பி, அந்த வெள்ளையை மட்டும் எடுத்துடுங்க, அவ்வளவுதான்” என்றார். நானும் அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

முதலில் லோகோ. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்து, எந்த இடம் எவ்வளவு மறைக்கும் என்று குறித்துவைக்கும் ஆல்ஃபா சேனலைச் சேர்த்து, ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியால் வெள்ளையைத் தொட்டு, டெலிட். பின்னால் சாம்பல் கட்டங்கள் தெரிந்தன, அந்த இடம் காலி என்பதற்கு அடையாளம். காலி இடத்தைக் காலியாகவே வைக்கத் தெரிந்த பிஎன்ஜி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து பக்கத்தில் வைத்தேன். மொத்தம் ஐந்து நிமிடம். வெளிர் மஞ்சளின் மேல் நன்றாகவே உட்கார்ந்தது.

ராத்திரி அதே பக்கத்தைப் போனில் பார்த்தேன். போன் டார்க் மோடில் இருந்தது, தளமும் அதற்கேற்பக் கருமைக்கு மாறியிருந்தது. லோகோவைக் காணோம். கருப்பு மை கருப்புப் பின்னணியில் கரைந்துவிட்டது, அது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோடுகளின் ஓரத்தில் மட்டும் வெளுத்த பொடி போல ஏதோ மிச்சம் இருந்தது. பெண்டுலம் போய், பெண்டுலத்தின் ஆவி மட்டும் தொங்கியது.

அந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கேனில் மையின் அளவு ஏறத்தாழ 30, காகிதம் 240 (0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை). கோட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு பிக்சலில் பாதி மை, பாதி காகிதம். ஸ்கேனர் இரண்டையும் கலந்து 135 என்று ஒரு சாம்பலை எழுதி வைத்திருக்கிறது. நான் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தபோது அந்தச் சாம்பல் சிக்கவில்லை, அது வெள்ளைக்குப் பக்கத்தில்கூட இல்லையே. அதனால் அது முழுக்கத் திடமான பிக்சலாக அப்படியே தங்கிவிட்டது. மஞ்சளின் மேல் அது கண்ணில் படாது, கருப்பின் மேல் பளிச்சென்று தெரியும். சகிப்பு எல்லையை, அதாவது வெள்ளையிலிருந்து எவ்வளவு விலகிய நிறத்தையும் சேர்த்துப் பிடிப்பது என்ற அளவை, கூட்டி மறுபடி வெட்டினால் பொடி குறைகிறது, கூடவே கோடும் மெலிந்து பல் பல்லாகிறது.

அங்கே இருக்க வேண்டியது சாம்பல் அல்ல. மையின் அதே 30, ஆனால் பாதி மட்டும் மறைக்கும் 30. ஓரப் பிக்சல் ஒவ்வொன்றிலும் பழைய காகிதம் கலந்திருக்கிறது, அந்தக் கலப்பைப் பிரித்து எடுக்காதவரை பின்னணி போகவில்லை என்றுதான் பொருள். மற்ற எல்லாப் படங்களிலும் நான் மல்லுக்கட்டியது இதே ஒரு விஷயத்தோடுதான். நடுவில் இருக்கும் வெள்ளையை எடுக்க ஒரு சொடுக்கு போதும்.

இந்தப் பாதி மறைத்தல் என்ற எண்ணுக்குத்தான் ஆல்ஃபா என்று பெயர். 1970களின் கடைசியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட்வின் கேட்மல்லும் சேர்ந்து யோசித்த ஏற்பாடு அது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைப் படத்திலேயே சேர்த்து வைப்பது. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைப்பதற்கான கணக்கை முறையாக எழுதினார்கள். ஆல்ஃபா பூஜ்யம் என்றால் காலி, ஒன்று என்றால் முழு மறைப்பு. கணக்கு எளிது: மேலே இருக்கும் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கு, கீழே இருக்கும் நிறத்தை ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்ததால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. பிரௌசர் இன்றும் ஒவ்வொரு பிக்சலுக்கும் இதைத்தான் செய்கிறது.

சரி, லோகோவுக்கு வருவோம். இந்த முறை எதையும் அழிக்கவில்லை. மை ஒரே நிறம் என்பதால் வேலையைத் தலைகீழாகச் செய்யலாம். முழுக்க மை நிறத்தில் ஒரு லேயர் (அடுக்கு), அதன் எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்ல ஒரு லேயர் மாஸ்க். ஸ்கேனை நெகட்டிவ் ஆக்கி அந்த மாஸ்க்கில் ஒட்டினேன். காகிதம் இருந்த இடம் மாஸ்க்கில் கருப்பு, அதாவது ஒன்றும் தெரியாது. மை இருந்த இடம் வெள்ளை, முழுக்கத் தெரியும். ஓரத்துச் சாம்பல் தானாகவே பாதி மறைப்பாக மாறிக்கொள்கிறது.

ஒரு சறுக்கல் இருந்தது. காகிதம் 255 ஆக இல்லாமல் 240 ஆக இருந்ததால், நெகட்டிவில் அது 15 ஆக விழுந்தது. பின்னணி முழுக்க மெல்லிய புகை போல ஒரு படலம். வெள்ளையின் மேல் வைத்தால் அழுக்கு. எதற்குக் கீழே முழுக் கருப்பு, எதற்கு மேலே முழு வெள்ளை என்று வரையறுக்கும் லெவல்ஸ் கருவியில் கருப்பு முனையை 30 வரையும், வெள்ளை முனையை 215 வரையும் இழுத்ததும் புகை போனது, கோடு கெட்டியானது. கருப்பு முனையை 15லேயே நிறுத்தாமல் 30 வரை கொண்டுபோனதற்குக் காரணம், ஜேபெக் சுருக்கத்தில் கோட்டைச் சுற்றி வரும் கொசுக்கூட்டம் போன்ற புள்ளிகள்.

டார்க் மோடில் மை மறையும் பிரச்சினை தனி. லோகோவை இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் கொண்டுபோய் டிரேஸ் செய்து, பிக்சல்களுக்குப் பதில் கோடுகளையும் வடிவங்களையும் எழுதி வைக்கும் எஸ்விஜி கோப்பு ஆக்கினேன். எஸ்விஜியில் பின்னணி என்று ஒன்று கிடையாது, வரைந்தது மட்டும்தான் இருக்கும். அதை இமேஜ் டேக்கில் போடாமல் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே நேரடியாக ஒட்டி, நிறத்துக்குச் சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். பகலில் கருப்பு, இரவில் வெளிர் நிறம். லோகோ போன்ற தட்டையான வரைபடத்துக்கு முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். ஆனால் செய்திருந்தால் மாஸ்க் வித்தை கைக்கு வந்திருக்காது, அது பிறகு நிறைய உதவியது.

அப்புறம் கடிகாரங்கள். மொத்தம் இருபத்தொன்று.

சோம்பேறி வழி ஒன்றை முதலில் முயன்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் பெருக்கல் கலப்பு முறை ஒன்று உண்டு. படத்தைத் தொடவே வேண்டாம், பின்னணி நிறத்தோடு பெருக்கிவிடும். வெள்ளையைப் பெருக்கினால் பின்னணி அப்படியே வரும். வெளிர் மஞ்சளில் அற்புதமாக இருந்தது, பத்து நிமிடம் கனவில் மிதந்தேன். டார்க் மோடுக்கு மாற்றியதும் கடிகாரங்கள் எல்லாம் கரியாகிவிட்டன. கருப்போடு எதைப் பெருக்கினாலும் கருப்புதான். பக்கம் எப்போதும் வெளிர் நிறத்திலேயே இருக்கும் என்றால் இது தாராளமாகப் போதும், கூச்சப்படத் தேவையில்லை.

அடுத்து கிம்பின் கலர் டு ஆல்ஃபா. வெள்ளை எந்த அளவு கலந்திருக்கிறதோ அந்த அளவை ஆல்ஃபாவாக மாற்றித் தரும். லோகோவுக்கு அது நேர் வழி. கடிகாரத்துக்குப் போட்டேன், வெள்ளை எனாமல் முகப்பு கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தது. எண்களும் முட்களும் காற்றில் மிதந்தன. அதற்கு எது துணி, எது முகப்பு என்று எப்படித் தெரியும்? பார்க்க அழகாக இருந்தது என்பதால் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கும் பயன்படாது.

பின்னணியைத் தானாக நீக்கும் கருவிகளையும் விடவில்லை. பெரிய உருவத்தை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் கடிகாரத்தின் மெல்லிய கைப்பிடி, மணியடிக்கும் சுத்தியல் போன்ற கம்பி சமாச்சாரங்களை விழுங்கிவிடுகின்றன. ஒரு படத்தில் நிமிட முள்ளின் நுனி போயிருந்தது. முள் குட்டையான கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவரின் தளத்தில் எப்படிப் போடுவது? முதல் வெட்டுக்கு அவற்றை வைத்துக்கொண்டு மீதியைக் கையால் செய்தேன்.

கையால் என்றால் பாத் கருவி. மரச்சட்டமும் பித்தளையும் தெளிவான ஓரம் கொண்டவை. சுற்றிலும் புள்ளி வைத்து வளைவை இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கடிகாரத்துக்கு இருபது நிமிடம். பாத்தைத் தேர்வாக மாற்றி, ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, அரை பிக்சல் மென்மையாக்கி, மாஸ்க் ஆக்கினேன். ஒரு பிக்சல் சுருக்குவதில் வெள்ளை ஓரத்தின் பெரும்பகுதி வெளியே போய்விடும். எல்லோரும் சொல்லித் தரும் வழி இதுதான், பெரும்பாலும் போதும்.

பித்தளைக்குப் போதவில்லை. பளபளப்பான பித்தளை தன் ஓரத்தில் துணியின் வெள்ளையைப் பிரதிபலிக்கிறது. நான்கைந்து பிக்சல் அகலத்துக்கு அந்த வெளுப்பு போகிறது. அவ்வளவு சுருக்கினால் கடிகாரம் இளைத்துவிடும். இங்கே கைகொடுத்தது ஒரு விஷயம்: மாஸ்க் வேறு, அதன் கீழே உள்ள நிறம் வேறு. வடிவத்தை மாஸ்க் சொல்கிறது, நிறத்தை லேயர் சொல்கிறது, இரண்டையும் தனித்தனியே திருத்தலாம். மாஸ்க்கைத் தொடாமல் லேயரில் குளோன் பிரஷை எடுத்து, ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் பித்தளை நிறத்தை வெளிப்பக்கமாக இழுத்து, ஓரத்தைத் தாண்டித் துணியின் மேலும் பூசினேன். மாஸ்க்கை அணைத்துப் பார்த்தால் பித்தளை சாயம் வழிந்தது போல அசிங்கமாக இருக்கும். மாஸ்க்கைப் போட்டால், ஓரத்தின் பாதி மறைக்கும் பிக்சல்கள்கூட பித்தளையின் சொந்த நிறத்தில் இருக்கும். எந்தப் பின்னணியின் மேலும் விளிம்பு கிடையாது. இந்த ஒன்றரை மாதத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதற்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

சரிபார்க்க ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படத்தின் அடியில் மூன்று லேயர்: வெள்ளை, கருப்பு, கண்ணைக் குத்தும் மெஜந்தா. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. மென்பொருள் காட்டும் சாம்பல் கட்டங்களை நம்பவே கூடாது, அவை எல்லாக் குறையையும் மறைத்துவிடும். மெஜந்தாவில்தான் தெரிந்தது, உள் சக்கரங்கள் வெளியே தெரியும் ஒரு எலும்புக்கூடு கடிகாரத்தின் சக்கர ஆரங்களுக்கு இடையில் துணி அப்படியே இருந்தது. வெளி ஓரத்தைச் சுற்றி வந்த மகிழ்ச்சியில் உள்ளே இருந்த ஓட்டைகளை மறந்திருந்தேன். எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு ஐந்து ஆரம். நாற்பது ஓட்டைகள். அன்றைய பொழுது அதிலேயே போனது.

இன்னொரு கள்ளன், தூசி. முழு மறைப்பை 255 என்று எண்ணினால், ஆல்ஃபா 2, 3 என்ற அளவில் ஆங்காங்கே மிச்சமிருக்கும் பிக்சல்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓரத்துக் காலி இடத்தைத் தானாக வெட்டச் சொன்னால், மூலையில் கிடக்கும் ஒரு தூசிக்கு மரியாதை கொடுத்து மென்பொருள் வெட்டாமல் விட்டுவிடும். பக்கத்தில் படங்களை வரிசையாக அடுக்கியபோது இரண்டு மட்டும் ஏன் தள்ளி நிற்கின்றன என்று சிஎஸ்எஸ்ஸை அரை மணி நேரம் குடைந்தேன். தப்பு அங்கே இல்லை. மாஸ்க்கில் லெவல்ஸ் போட்டு 8க்குக் கீழே உள்ளதையெல்லாம் பூஜ்யமாக்கியதும் தீர்ந்தது.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணியோடு சேர்ந்து நிழலும் போய்விட்டதால் கடிகாரங்கள் மிதந்தன. சிஎஸ்எஸ்ஸில் பாக்ஸ் ஷேடோ போட்டால் படத்தின் செவ்வகத்துக்கு நிழல் விழும், அது உதவாது. ஃபில்டர் வகையில் உள்ள டிராப் ஷேடோ ஆல்ஃபாவைப் பார்த்து உருவத்துக்கே நிழல் போடும். ஆனால் அது சுவரில் விழும் நிழல் மாதிரி பின்னால் விழுகிறது, மேஜையில் கால் பதித்த நிழல் அல்ல. கடைசியில் அசல் நிழலையே மீட்டேன். நிழல் விழுந்த துணி 190, விழாத துணி 240. 190ஐ 240ஆல் வகுத்தால் 0.79. ஆக நிழல் என்பது 0.21 அளவு மறைக்கும் கருப்பு. முழுக் கருப்பு லேயர், மாஸ்க்கில் அந்த அளவு. லோகோவுக்குச் செய்த அதே வித்தைதான். டார்க் மோடில் நிழல் கிட்டத்தட்டத் தெரியாது. இருட்டில் நிழல் தெரியாமல் இருப்பதில் தப்பொன்றும் இல்லை.

இருபது கடிகாரங்கள் முடிந்தன. இருபத்தொன்றாவது, கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் 400 நாள் கடிகாரம். ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். அடியில் நான்கு பித்தளைக் குண்டுகள் மெதுவாக ஒரு பக்கம் சுழன்று, மறுபக்கம் திரும்பும். நண்பருக்கு மிகப் பிடித்தது, முகப்புப் பக்கத்தில் அதுதான் வர வேண்டும் என்றார்.

கண்ணாடியை எப்படி வெட்டுவது? ஓரம் இருக்கிறது, நடுவில் எல்லா இடத்திலும் பின்னணி தெரிகிறது. குடுவை முழுவதற்கும் ஒரே ஆல்ஃபா, முப்பது சதவீதம் என்று போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் பை மாதிரி இருந்தது. கண்ணாடி ஓரத்தில் தடிமனாகவும் நடுவில் இல்லாதது போலவும் இருக்கும், வெளிச்சம் பட்ட இடத்தில் பளிச்சென்று முழுக்க மறைக்கும். இதைக் கையால் வரைய எனக்குத் திறமை இல்லை.

அப்போதுதான் பழைய சூத்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரே பொருளை இரண்டு வெவ்வேறு பின்னணிகளின் முன்னால் வைத்து அசையாமல் படமெடுத்தால், ஒவ்வொரு பிக்சலின் ஆல்ஃபாவையும் ஊகிக்காமல் கணக்கிட்டே எடுத்துவிடலாம். 1996இல் ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இது விளக்கப்பட்டிருக்கிறது. நான் வெள்ளை அட்டை ஒன்றும் கருப்பு அட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டேன்.

தர்க்கம் இப்படி. பித்தளைத் தூண் இருக்கும் இடத்தில், பின்னால் எது இருந்தாலும் ஒரே நிறம்தான் பதிவாகும். இரண்டு படத்துக்கும் வித்தியாசம் பூஜ்யம், எனவே ஆல்ஃபா ஒன்று. வெறும் அட்டை தெரியும் இடத்தில் வித்தியாசம் முழு அளவு, எனவே ஆல்ஃபா பூஜ்யம். கண்ணாடி இவற்றுக்கு நடுவில். என் படங்களில் வெள்ளை அட்டை 235, கருப்பு அட்டை 18, முழு வித்தியாசம் 217. குடுவையின் ஓரத்தில் ஒரு புள்ளி வெள்ளையின் முன் 201, கருப்பின் முன் 40. வித்தியாசம் 161. அதை 217ஆல் வகுத்தால் 0.74. அந்த அளவு பின்னணி ஊடுருவுகிறது, ஆக ஆல்ஃபா 0.26. கண்ணாடியின் சொந்த நிறமும் கிடைக்கும்: கருப்பின் முன் பதிவான 40இல், ஊடுருவி வந்த கருப்பின் பங்கு சுமார் 13. கழித்தால் 27. அதை 0.26ஆல் வகுத்தால் ஏறத்தாழ 103, நடுத்தரச் சாம்பல்.

பைத்தான் மொழியில் நிரலாக எழுதினால் இருபது வரி. ஆல்ஃபா பூஜ்யமாக இருக்கும் இடத்தில் வகுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் முயற்சியில் வந்தது ஒரு பேய்ப்படம். நான்கு குண்டுகளுக்குப் பதில் எட்டு, எல்லாம் பாதி மறைந்து. அட்டையை மாற்றும் அரை நிமிடத்தில் பெண்டுலம் சுழன்றுவிட்டது. ஓடும் கடிகாரத்தை அசையாமல் படமெடுக்க நினைத்த ஆள் நான். நண்பரிடம் சொன்னேன், சிரித்தார். “ஓடலைன்னுதான் எல்லாரும் என்கிட்ட கொண்டு வருவாங்க. நீங்கதான் ஓடுதுன்னு குறை சொல்ற முதல் ஆள், தம்பி.” பெண்டுலத்தைப் பூட்டும் சின்ன நெம்புகோலை இழுத்து நிறுத்திக் கொடுத்தார்.

இரண்டாவது முயற்சியில் பித்தளை ஊடுருவித் தெரிந்தது. வெள்ளை அட்டை சும்மா நிற்கவில்லை, ஒளியைத் தூணின் மேல் திருப்பி அடித்திருக்கிறது. அதனால் வெள்ளையின் முன் எடுத்த படத்தில் பித்தளையும் கொஞ்சம் வெளுத்து, கணக்கு அதைக் கண்ணாடி என்று நினைத்துவிட்டது. அட்டையை இன்னும் பின்னால் தள்ளினேன், ஓரளவு குறைந்தது. மீதியை மாஸ்க்கில் வெள்ளைப் பிரஷால் கையால் அடைத்தேன்: கடிகாரத்தின் உடல் இருக்கும் இடமெல்லாம் ஆல்ஃபா ஒன்று, கண்ணாடிக்கு மட்டும் கணக்கு சொன்னது.

மூன்றாவது முறை கேமராவில் எல்லாவற்றையும் கையால் பூட்டினேன். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ், எதுவும் தானாக மாறக் கூடாது. கேமராவைத் தொடாமல் டைமரில் எடுத்தேன். குடுவையின் மினுக்கு 255ஐத் தொட்டு அடைபடாமல் இருக்க வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்தேன். இந்த முறை படம் வந்தது. மஞ்சளின் மேல் வைத்தால் கண்ணாடிக்குள் மஞ்சள், கருமையின் மேல் வைத்தால் கருமை, மினுக்கு மட்டும் இரண்டிலும் நின்றது. மெஜந்தாவின் மேல் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளியின் உண்மையான அளவும் படத்தில் எழுதியிருக்கும் எண்ணும் நேர் விகிதத்தில் இல்லை, காமா என்ற வளைவு நடுவில் இருக்கிறது. முறைப்படி பார்த்தால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். நான் நிமிர்த்தவில்லை. பிரௌசரும் வழக்கமாக நிமிர்த்தாமல்தான் கலக்கிறது. அதனால் வெள்ளை, கருப்பு இரண்டின் மேலும் நான் எடுத்த படம் அப்படியே திரும்பி வரும், நடுவில் உள்ள நிறங்களில் மட்டும் கொஞ்சம் விலகல். பக்கத்துக்கு அது போதும்.

படத்தைச் சிறிதாக்கும்போது நானே ஒரு குழி வெட்டி விழுந்தேன். என் நிரலில் நான்கு பிக்சலைச் சராசரி எடுத்து ஒன்றாக்கினேன். நிறத்தைத் தனியாக, ஆல்ஃபாவைத் தனியாக. மறுபடி ஓரத்தில் கருப்புக் கோடு! முழுக்கக் காலியான பிக்சலுக்கும் ஏதோ ஒரு நிறம் உள்ளே எழுதப்பட்டிருக்கும், என் படத்தில் அது கருப்பு. சராசரியில் அது ஓரத்தோடு கலந்துவிட்டது. நிறத்தை முதலில் ஆல்ஃபாவால் பெருக்கி, சராசரி எடுத்து, பிறகு வகுக்க வேண்டும். நல்ல மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன, சொந்தமாக எழுதினால்தான் இந்த வம்பு.

காலிப் பிக்சலுக்கு உள்ளே நிறம் இருக்கிறது என்றதும் ஒரு சந்தேகம் வந்து, முடித்து வைத்திருந்த பிஎன்ஜிகளை ஆல்ஃபாவை நீக்கிவிட்டுத் திறந்தேன். ஒரு படத்தில் நண்பரின் மேஜை முழுவதும் இருந்தது. யாரோ வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு உட்பட. திரையில் தெரியாது, கோப்பில் இருக்கிறது. கிம்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது, காலிப் பிக்சல்களின் நிற மதிப்பையும் சேமிக்கவா என்று ஒரு பெட்டி இருக்கும். நான் அதை டிக் செய்து வைத்திருந்தேன். எடுத்துவிட்டு இருபத்தொன்றையும் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தேன். கோப்பின் அளவும் குறைந்தது.

அளவு என்றதும் கோப்பு வகை. ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. ஜிஃப்பில் 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் 256 நிறங்களில் ஒன்றைக் காலி என்று குறிக்கலாம், அவ்வளவுதான். பாதி மறைப்பு கிடையாது, ஓரம் பல் பல்லாகத்தான் இருக்கும். பிஎன்ஜி 1996இல் 256 படிநிலை ஆல்ஃபாவோடு வந்தது. ஆனால் 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6க்கு அதை ஒழுங்காகக் காட்டத் தெரியாது, 2006இல் ஏழாம் பதிப்பு வரும்வரை அந்தக் குறை இருந்தது. இன்று அந்தத் தொல்லை இல்லை, பிஎன்ஜிக்கு இருப்பது எடைப் பிரச்சினை. குடுவைக் கடிகாரம் 2.6 எம்பி. பிஎன்ஜிகுவான்ட் என்ற சுருக்கும் கருவியால் 256 நிறத்துக்குக் குறைத்தால் 700 கேபி, ஆனால் கண்ணாடியில் படிக்கட்டுகள் தெரிந்தன. வெப்பி என்ற கோப்பு வகையில் நிறத்தை மட்டும் இழப்போடு சுருக்கி ஆல்ஃபாவை இழப்பில்லாமல் வைக்க முடியும். தரம் 82இல் 150 கேபி, வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் வெப்பி, அசல்கள் மட்டும் கிம்பின் சொந்த வடிவத்தில் மாஸ்க்கோடு பத்திரமாக.

நண்பருக்குப் பார்வைக்கு பிஎன்ஜியாக அனுப்பினேன். அரட்டைச் செயலி வழியில் ஜேபெக் ஆக்கிவிட்டது போலும், “ஏன் தம்பி எல்லாம் கருப்பா இருக்கு” என்று கேட்டார். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பியதும் சரியானது.

கடைசியில் நேரிலேயே உட்கார்ந்து பக்கத்தைக் காட்டினேன். பகல் நிறம், இரவு நிறம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். குடுவையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கீழே தள்ளிக்கொண்டே போனவர் ஏழாவது கடிகாரத்தில் நின்றார். கண்ணில் வைக்கும் லென்ஸை எடுத்துத் திரையருகே குனிந்தார்.

“சாவி வளையத்துக்குள்ளே துணி தெரியுதே.”

தெரிந்தது. பக்கவாட்டில் செருகியிருந்த சாவியின் வளையம், அதற்குள் அரிசி அளவு வெள்ளை. மெஜந்தாவின் மேல் ஏழாவதைப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கே ஞாபகமில்லை. லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டு கிம்பைத் திறந்தேன்.